குழந்தைகளின் தொண்டைச் சதை நோயும் பாக்டீரியாவின் மருந்துணர்திறனும் – ஓர் ஆய்வு

முன்னுரை

மக்கள் நலம் பேணும் அறிவு மக்கள் மொழியில் அமைதல் வேண்டும். நோயைக் குறிக்கும் சொல் பிழைபடின், மருந்தைக் கையாளும் செயலும் பிழைபடும். நம் இல்லங்களில் வழங்கும் இரு சொல்வழக்குகளை முன்வைத்து, குழந்தைகளுக்கு வரும் தொண்டைச் சதை அழற்சி, அதற்குக் காரணமான பாக்டீரியாக்கள், அவற்றை அடக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஈண்டு ஆராய்வோம்.

உள்நாக்கா, தொண்டைச் சதையா?

குழந்தைக்குக் காய்ச்சலும், விழுங்கும்போது வலியும் கண்டால், ‘உள்நாக்கு வளர்ந்துவிட்டது’ என்பது முதல் வழக்கு. உள்நாக்கு என்பது அண்ணத்தின் பின்விளிம்பில் நடுவே தொங்கும் சிறு உறுப்பு. நோய்வாய்ப்படுவது பெரும்பாலும் அதுவன்று. அதன் இருபுறமும் அமைந்த டான்சில் எனும் தொண்டைச் சதைகளே. நிணநீர்த் திசுவாலான இவை, வாயாலும் மூக்காலும் நுழையும் கிருமிகளை எதிர்கொள்ளும் வாயிற்காவலர் போன்றவை. இளம்பருவத்தில் இவை பெரிதாயிருத்தல் இயல்பு. வளர வளரச் சுருங்கும். பருத்திருப்பது மட்டுமே நோயாகாது.

இச்சதையை அகற்றும் அறுவை முறை பழமையானது. பத்தாம் நூற்றாண்டில் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, நாவை அழுத்திப் பிடித்துக் கொக்கியால் சதையை இழுத்து வெட்டும் முறையைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் விளக்கியுள்ளார். எனினும் நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இயல்வதாயிற்று.

நோய் தரும் கிருமிகள்

குழந்தைகளின் தொண்டை அழற்சிகளுள் பெரும்பாலானவை வைரசுகளால் வருவன. அவற்றின்மீது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளுக்கு ஆற்றல் இல்லை. பள்ளி வயதுக் குழந்தைகளிடம் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டு அழற்சிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனஸ் எனும் பாக்டீரியா காரணமாகிறது. இதனைக் கவனியாது விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் தோன்றி இதய வால்வுகள் பழுதுறலாம். தொண்டையில் தொடங்கிய நோய் இதயத்தில் முடியும் என்பதே இதன் கொடுமை.

அடிக்கடி அழற்சிக்குள்ளாகும் சதைகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சா ஆகியனவும் காணப்படும். ஆனால் இவை நலமுள்ள தொண்டையிலும் குடியிருப்பவை. ஆகவே, சோதனையில் வளர்ந்த கிருமியெல்லாம் நோய்க்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

மருந்துணர்திறன் சோதனை

தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, குருதி கலந்த வளர்ப்பூடகத்தில் பூசி வைப்பர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தன்னைச் சுற்றியுள்ள குருதியணுக்களைச் சிதைத்துத் தெளிந்த வளையத்தை உண்டாக்கும். பின்னர் அக்கிருமியைப் பிரித்து வேறொரு தட்டில் பரப்பி, மருந்தூட்டிய சிறு வட்டத் தாள்களை வைப்பர். மருந்துக்கு அடங்கும் கிருமி தாளைச் சுற்றி வளராது. அந்த வெற்றிடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து முடிவு கூறுவர். பாவர், கெர்பி ஆகியோர் தம் குழுவினருடன் 1966இல் இம்முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர்.

இதற்கும் ஒரு வரம்புண்டு. சதையின் மேற்பரப்பில் கிடைக்கும் கிருமியும், அறுவைக்குப்பின் அதன் உட்பகுதியில் கிடைக்கும் கிருமியும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை.

பழகியது உடம்பா, கிருமியா?

‘உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்பது இரண்டாம் வழக்கு. பழகுவது உடம்பன்று, கிருமியே. ஸ்டஃபைலோகாக்கஸ், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீனசோ, பல்லாண்டுகள் கழிந்தும் பெனிசிலினுக்கு இன்றளவும் அடங்கியே நிற்கிறது. ஆனால் எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்துகளை அதன் சில இனங்கள் எதிர்த்து நிற்கின்றன. பெனிசிலின் ஒவ்வாத குழந்தைக்கு இவ்வகை மருந்தைத் தேர்கையில் உணர்திறன் சோதனை பெரிதும் பயன்படும். விலையுயர்ந்த புதுமருந்தே சிறந்த மருந்து என்னும் எண்ணம் பிழை என்பது இதனால் விளங்கும்.

காய்ச்சல் தணிந்த மூன்றாம் நாளே மருந்தை நிறுத்தி, எஞ்சியதை அடுத்த குழந்தைக்கென எடுத்துவைப்பதை நாம் காண்கிறோம். பெனிசிலினைப் பொதுவாகப் பத்து நாள் தருவதன் நோக்கம், தொண்டையில் எஞ்சிய கிருமியையும் அகற்றி வாதக் காய்ச்சலைத் தடுப்பதாகும். அதுபோன்றே, வைரசுக் காய்ச்சலுக்கு இம்மருந்துகளை வாங்கியுண்பது, உடலில் வாழும் பிற பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்குவதாகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் தம் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் உண்பதன் தீங்கை எச்சரித்தார். 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனமும் இக்கவலையின் விளைவேயாகும்.

முடிவுரை

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். மருத்துவம் செய்துகொள்வது கடமையெனின், மருந்தை முறையாகக் கையாள்வதும் அக்கடமையில் அடங்கும். நம் தலைமுறைக்கு வாய்த்த நுண்ணுயிர்க்கொல்லிகள் அடுத்த தலைமுறைக்கு நாம் ஒப்படைக்க வேண்டிய அமானிதம். மருத்துவர் சொல்லாது தொடங்காமலும், சொன்ன நாள்வரை நிறுத்தாமலும் இருப்பது அந்த அமானிதத்தைப் பேணும் வழி. தமிழ் கற்கும் மாணவர்கள் தத்தம் இல்லத்தில் ‘உடம்பு பழகிவிட்டது’ என்னும் சொல்லைக் கேட்கும்போது, ‘பழகியது கிருமி’ என்று அன்னையர்க்கு எடுத்துரைப்பாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகக் கொள்வோம்.