அயல் லென்ஸும் காமிராவின் குவியமும்

காமிரா வாங்கினோர் அதனோடு அமையாது, பின்னும் ஒரு லென்ஸ், பின்னும் ஒரு லென்ஸ் எனத் தேடிச் செல்லுதல் கண்கூடு. அங்ஙனம் தேடுவார்முன் இரு வழிகள் உள. காமிராவைச் செய்த நிறுவனமே செய்து விற்கும் லென்ஸ் ஒன்று. அந்நிறுவனத்தைச் சாராத பிறிதொரு நிறுவனம் அக்காமிராவிற் பொருந்துமாறு செய்து விற்கும் லென்ஸ் மற்றொன்று. பின்னதை இக்கட்டுரையில் அயல் லென்ஸ் என வழங்குவோம். ஜப்பான் நாட்டுச் சிக்மா, டாம்ரான், டோக்கினா என்னும் நிறுவனங்கள் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துப் பெயர் பெற்றவை. விலையோ பெரும்பாலும் குறைவு; கண்ணாடியின் தரமோ பல லென்ஸ்களிற் சிறிதுங் குறைந்ததன்று. ஆயினும், 'அயல் லென்ஸ் ஆட்டோ போகஸிற் பிழைபடும்' என்னும் பேச்சு படம் பிடிப்போரிடையே பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றது. இக்குறை மெய்தானா, மெய்யாயின் எங்கே பிறக்கின்றது, பணங் கொடுத்து வாங்குவோர் அதனைக் கண்டறியுமாறு எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராவர். மொழியைப் பற்றிய செய்தியொன்று இதனுள் மறைந்து கிடத்தலின் எடுத்துக்கொண்டோம் என்பதே எமது விடை.

முதற்கண், எவ்வளவு சிறிய பிழை பிழையாகும் என்பதை அறிதல் வேண்டும். 85 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள லென்ஸொன்றை எஃப் 1.4 என்னும் அளவிற்குத் திறந்து, 2 மீட்டர் தொலைவில் நிற்பார் ஒருவரைப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். முழுச்சட்டகச் சென்ஸார் உடைய காமிராவில், தெளிவாகத் தோன்றும் ஆழம் முன்னும் பின்னுமாகக் கூட்டி ஏறத்தாழ 4.5 சென்டிமீட்டரே. குவியம் கண்ணின்மேல் விழ வேண்டியிருக்க, 3 சென்டிமீட்டர் பின்னே சென்று விழுமாயின், கன்னத்து மயிரும் காதோரமும் கூர்மையாய் விளங்கக் கண்கள் மட்டும் பனிபடர்ந்தாற்போல் மங்கிப்போம். காமிராவினுள்ளே நோக்கின் இப்பிழையின் அளவு இன்னும் வியப்பைத் தரும். சென்ஸாரின் முன்னும் பின்னும் ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விலக்கம், எஃப் 1.4-இற் கண்ணுக்குப் புலனாய்விடும். இத்துணை நுட்பத்தைப் பல ஆலைகளிற் செய்த பல பகுதிகள் ஒன்றுகூடிக் காத்தல் வேண்டுமென்றால், ஒரோவழிப் பிழை நேர்தலினும் அது பெரும்பான்மையும் நேராமையே வியத்தற்குரியது.

இனி, எஸ். எல். ஆர். என்னும் ஆடியுடைக் காமிரா குவியத்தைத் தானே காணும் முறையைக் கூறுவோம். ஆட்டோ போகஸை உடலிலேயே அமைத்துப் பெருவழக்காக்கிய காமிரா 1985-இல் வெளிவந்த மினோல்டா 7000 ஆகும். அதன் பின்னர் வந்த இவ்வகைக் காமிராக்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பினவே. லென்ஸின் வழியே வரும் ஒளியிற் பெரும்பகுதியைப் பெரிய ஆடி மேல்நோக்கி நம் கண்ணுக்கு அனுப்பும். அவ்வாடியின் நடுப்பகுதி ஒளியிற் சிறிது ஊடுருவ விடுவது. ஊடுருவிய ஒளியைப் பின்னுள்ள சிற்றாடியொன்று கீழ்நோக்கித் திருப்பும். அடித்தளத்தில் அமர்ந்துள்ள குவிய அளவி, லென்ஸின் ஒருபுறத்து வந்த கதிர்களையும் மறுபுறத்து வந்த கதிர்களையும் வெவ்வேறாக வாங்கி, இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என ஒப்பிட்டு, குவியம் முன்னோ பின்னோ, எத்துணை என்பதை ஒருங்கே அறிந்துகொள்ளும். அறிந்தபின் ஆடி மேலெழ, ஒளி படச் சென்ஸாரிற் பாயும்.

ஆகவே அளப்பது ஓரிடம். படம் பதிவது மற்றோரிடம். லென்ஸிலிருந்து இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு இம்மியும் வேறுபடலாகாது. ஆடியின் சாய்வு சிறிது மாறினும் அளவி ஒன்று கூறும், படம் வேறொன்று காட்டும். இது காமிரா உடலின் பிழையேயன்றி லென்ஸின் பிழையன்று. அக்காமிரா நிறுவனத்தின் சொந்த லென்ஸை மாட்டினும் அது தோன்றும். லென்ஸிலும் இவ்வாறே சிறு விலக்கம் உண்டு. உடல் சிறிது முன்னும் லென்ஸ் சிறிது பின்னுமாக இருப்பின் இரண்டும் தம்முட் கழிந்து நலமே விளையும்; இரண்டும் ஒரே பக்கஞ் சாயின் பிழை இரட்டிக்கும். ஒருவர் கையிற் குற்றமற்ற லென்ஸ் அடுத்தவர் காமிராவிற் குற்றமுடையதாகத் தோன்றுவது இதனாலேயே. சொந்த லென்ஸாயின் இரண்டையும் ஒரே பணிமனையிற் கொடுத்து ஒருங்கே திருத்திக்கொள்ளலாம். அயல் லென்ஸாயின், காமிராக்காரர் லென்ஸைத் தொடார். லென்ஸ்காரர் காமிராவைத் தொடார். வாங்கியவர் இருவர்க்கும் நடுவே நிற்பர்.

இவற்றினும் நுண்ணியதும் அயல் லென்ஸிற்கே சிறப்பாக உரியதுமான காரணம் ஒன்று உளது. லென்ஸின் அடியில் வரிசையாக மின்னும் சிறு உலோகத் தொடுமுனைகள் வழியே லென்ஸும் காமிராவும் ஓயாது உரையாடுகின்றன. 'யான் இன்ன லென்ஸ். என் குவியத்தூரம் இவ்வளவு. இவ்வளவு அசைந்தால் என் குவியம் இவ்வளவு நகரும்' என லென்ஸ் அறிவிக்க, 'இத்திசையில் இவ்வளவு அசைக' எனக் காமிரா பணிக்கும். இவ்வறிவிப்புக்களுள் ஒன்று மிக இன்றியமையாதது. குவிய அளவி லென்ஸின் முழு வாயிலையும் பயன்படுத்துவதில்லை; பெரும்பாலும் எஃப் 5.6 அளவான வாயிலின் வழி வரத்தக்க கதிர்களைக் கொண்டே தொழில் செய்யும். படமோ எஃப் 1.4-இன் கதிரனைத்தையுங் கொண்டு பதிவது. விளிம்பின் வழிச் செல்லுங் கதிர்களும் நடுவழிச் செல்லுங் கதிர்களும் ஓரிடத்திற் கூடாத கோளப் பிறழ்ச்சி லென்ஸில் ஒருசிறிதேனும் இருத்தலின், அளவி கண்ட குவியமும் படத்திற்குரிய நற்குவியமும் வேறுபடும். அவ்வேறுபாட்டின் அளவை லென்ஸே காமிராவிற்குச் சொல்லுதல் வேண்டும். லென்ஸ் சொன்னதைக் காமிரா ஐயுறாது நம்பும்.

இவ்வுரையாடலின் இலக்கணம் பொதுவில் வெளியிடப்படவில்லை. கானன் நிறுவனம் 1987-இல் முழுதும் மின்வழியே பேசும் புதிய மவுண்டை அமைத்தது. அதன் மொழியை அயலார்க்குக் கற்பிக்கவில்லை. அயலார் காமிராவும் லென்ஸும் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தாமே கற்றனர். இலக்கண நூல் கையிலின்றி, பேசுவார் இருவர் அருகே நின்று கேட்டே ஒருவன் தமிழ் கற்றான் என்க. சந்தையில் அரிசி வாங்க அவனால் இயலும். கேட்டறியாத வேற்றுமையுருபு ஒன்று வந்தவிடத்து மயங்குவான். நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் எப்பிராயீமர் ஒரு சொல்லைத் திருந்த உச்சரிக்க மாட்டாமையால் அகப்பட்ட வரலாற்றை நம்முட் பலர் அறிவர். அவர் பேசியது வேற்று மொழியன்று. ஷகரம் சகரமாயிற்று, அவ்வளவே. அயல் லென்ஸின் நிலையும் இதனை ஒத்ததே. பழைய சிக்மா லென்ஸ்கள் சில, பின் வந்த கானன் டிஜிட்டல் காமிராக்களில் மாட்டியபோது இயங்காது பிழை காட்டி நின்றன. அவற்றுட் சிலவற்றிற்கு உள்ளிருந்த சிப்பை அந்நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. முற்றும் நின்றுபோன லென்ஸாவது தன் குறையைத் தானே சொல்லிவிடும். ஒரு சொல்லைச் சிறிது வழுவிச் சொல்லி மூன்று சென்டிமீட்டர் பின்னே குவியும் லென்ஸே வாங்குவோரை ஏமாற்றுவது. மொழியை மறைத்து வைப்பார்க்கும் தம் உழைப்பைக் காக்கும் நியாயம் உண்டென்பதை மறுக்கின்றிலோம். எனினும் அதன் விலையைக் கொடுப்பவர் வாங்குவோரே என்பதையும் சொல்லாதிருத்தல் ஒண்ணாது.

பிழை இருவகைப்படும். எடுத்த படமெல்லாம் ஒரே அளவிற் பின்னோ முன்னோ விழுதல் ஒன்று. ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாக நிலையின்றி விழுதல் மற்றொன்று. முன்னதைத் திருத்தலாம். 2007-இல் வெளிவந்த கானன் ஈ.ஓ.எஸ் 1டி மார்க் 3, நிக்கான் டி3, டி300 ஆகிய காமிராக்களில், ஒவ்வொரு லென்ஸிற்கும் உரிய திருத்தத்தை 20 படி முன்னும் 20 படி பின்னுமாக அமைக்கும் வசதி தரப்பட்டது. ஆயின் ஒரே எண் எல்லாத் தொலைவிற்கும் பொருந்துவதில்லை. அருகே பின்னும் தொலைவே முன்னுமாகப் பிழைபடும் லென்ஸும் உண்டு. இதனை உணர்ந்து சிக்மா நிறுவனம் 2013-இல் லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சிறு கருவியை வெளியிட்டது. அதனால் நான்கு தொலைவுகளில் தனித்தனியே திருத்தலாம். ஜூம் லென்ஸாயின் நான்கு குவியத்தூரங்களிலும் நந்நான்காக 16 இடங்களில் திருத்தலாம். டாம்ரான் நிறுவனமும் 2016-இல் இத்தகைய கருவியொன்றைத் தந்தது. அயல் லென்ஸ் எனக் கேட்டமாத்திரத்தே இகழ்வார் இதனை நினைப்பாராக: சொந்த லென்ஸ்களுக்கும் இல்லாத திருத்தவசதி அயல் லென்ஸிற்கு முதலிற் கிடைத்தது. நிலையின்றி விழும் இரண்டாம் வகைப் பிழைக்கோ எவ்வெண்ணும் மருந்தாகாது. அத்தகைய லென்ஸைத் தவணை கடவாமுன் கடைக்கே திருப்புக.

இவ்விரண்டையும் பிரித்தறியப் பொறுமை வேண்டும். வீட்டுப் பூனையை இரண்டு படம் எடுத்து, லென்ஸ் பழுதென்று தீர்ப்புச் சொல்வார் பலர். பூனை அசைந்ததோ, எடுத்தவர் அசைந்தனரோ, யார் அறிவார்! காமிராவை முக்காலியில் உறுதியாக நிறுத்துக. நல்ல பகலொளியில், எழுத்துப் பொறித்த தட்டையான அட்டையொன்றைச் சென்ஸாருக்கு இணையாக நிமிர்த்தி வைத்து, அதன் பக்கத்தே அளவுகோலொன்றைச் சாய்த்து வைக்க. குவியப்புள்ளியை அட்டையின்மேல் வைக்கவேண்டுமேயன்றிச் சாய்ந்த அளவுகோலின்மேல் வைத்தலாகாது. காமிராவுள் நாம் காணும் சிறு கட்டத்தினும் அளவியின் உண்மைப் பரப்புப் பெரிதாதலின், அளவுகோலில் எவ்விடத்தைப் பற்றியது எனத் துணிதல் அரிது. தொலைவு குவியத்தூரத்தின் ஐம்பது மடங்களவிருப்பின் நன்று. 85 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4 மீட்டர். லென்ஸை முழுதும் திறந்து, ஒவ்வொரு படத்திற்கும் முன் குவியத்தைக் கலைத்துவிட்டு, பத்துப் படங்கள் எடுக்க. ஐந்து முறை தொலைவிலிருந்தும் ஐந்து முறை அருகிலிருந்தும் குவியம் வருமாறு செய்க.

பின்னர் ஆடியை மேலெழுப்பி, திரையிற் பார்த்து எடுக்கும் லைவ் வியூ முறையில் அதே அட்டையை எடுக்க. இம்முறையிற் படச் சென்ஸாரே குவியத்தையும் காண்பதால் இருவழிப் பிழைக்கு இடமில்லை. திரைவழிப் படம் கூர்மையாயும் முன்னெடுத்தவை மங்கலாயும் இருப்பின், கண்ணாடி குற்றமற்றது, பிழை அளவையிலோ பேச்சிலோ உள்ளது எனத் தெளியலாம். இரண்டும் மங்கலாயின் கண்ணாடியிலேயே பழுதுண்டு. திருத்த எண்கள் உதவா. அதே உடலிற் சொந்த லென்ஸொன்றை மாட்டி, அதுவும் அதே பக்கம் பிழைபடுமாயின் உடலையே ஐயுறல் வேண்டும். விளக்கொளியிலும் ஒருமுறை சோதித்தல் தக்கது. ஒளியின் நிறம் மாறுமிடத்துக் குவிய அளவி சிறிது மயங்குதல் உண்டு. திருமணப் படம் எடுப்போர்க்கு இஃது இன்றியமையாதது. மணமக்கள் மோதிரம் மாற்றும் வேளை இரண்டாம் முறை வருவதன்று.

ஆடியில்லாத மிர்ரர்லெஸ் காமிராக்கள் 2008 முதல் வரத்தொடங்கிய பின் இவ்விடர் பெரிதுங் குறைந்தது. அவற்றிற் படம் பதியும் சென்ஸாரே குவியத்தையும் அளத்தலின், இரு தொலைவுகள் ஒத்தல் வேண்டும் என்னும் பேச்சிற்கே இடமில்லை. எஸ். எல். ஆரிற் பிழைபட்ட அயல் லென்ஸ் இணைப்பான் வழியே மிர்ரர்லெஸ் காமிராவில் மாட்டப்பட்டுப் பழுதின்றிக் குவிதலும் உண்டு. மொழிச் சிக்கல் மட்டும் முற்றும் நீங்கவில்லை. சோனி நிறுவனம் தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011-இல் லென்ஸ் செய்வார்க்குத் திறந்துவிட்டது. கானன் நிறுவனமோ 2018-இல் அமைத்த ஆர். எஃப். மவுண்டை நெடுநாள் காத்து, 2024-இற்றான் சிக்மா, டாம்ரான் ஆகியவை சிறிய சென்ஸார்க் காமிராக்களுக்கு உரிமம் பெற்று லென்ஸ் செய்தலை அறிவிக்க இசைந்தது.

பலரும் புதுக்காமிராவிற்கு மாறுதலின், ஆடியுடைக் காமிராக்களும் அவற்றின் அயல் லென்ஸ்களும் பழம்பொருளாகக் குறைந்த விலைக்கு வருகின்றன. மாணவர் வாங்குவன பெரும்பாலும் இவையே. இங்கே ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மேற்கூறிய கருவியால் அமைத்த திருத்தம் காமிராவில் அன்று, லென்ஸினுள்ளேயே பதிந்து கிடக்கும். முன்னையவர் தம் காமிராவின் பிழைக்கேற்ப அமைத்த எண்கள் லென்ஸோடு கூடவே நம் கைக்கு வந்து, நம் காமிராவிற் புதுப் பிழையாகும். ஆதலின் அக்கருவியையும் சேர்த்துக் கேட்டு வாங்குக. இல்லையேல் நம் லென்ஸின் மவுண்டிற்கே உரியதொன்றை இரவல் பெறுக. அதனால் பழைய எண்களை யெல்லாம் அழித்துத் தொடக்கநிலைக்குக் கொணர்ந்த பின்னரே, அட்டையை நிறுத்திப் பத்துப் படங்களையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.