திரியைத் தட்டிவிடுவது போல

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. வவுனியாவிலிருந்து வந்த அம்மாவுக்கு ஸ்காபரோவின் முதல் ஜனவரியில் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்ததையும், குழந்தை நடுச்சாமத்தில் தொண்டை வறண்டு எழுந்து அழுததையும், அதற்காக நீங்கள் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி அறையில் வைத்ததையும் எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு வாரம் எல்லோரும் நிம்மதியாக உறங்கினீர்கள். இப்போது அதிலிருந்து பாசி மணம் வருகிறது. உள்ளே இருக்கும் பில்டர் மஞ்சளாகி, ஓரமெல்லாம் கல்லாக இறுகிவிட்டது. "தண்ணிக்குள் கொஞ்சம் கிருமிநாசினி விட்டால் கழுவவே தேவையில்லை" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். மற்றதையெல்லாம் ஆறுதலாகச் சொல்கிறேன். இதை மட்டும் முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது வீட்டுக்குள் எப்படி வறட்சி வரும் என்று அம்மா கேட்டாராமே. நல்ல கேள்வி. குளிர்ந்த காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் வலு குறைவு. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று, எவ்வளவு முயன்றாலும், ஏறக்குறைய 2.4 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடாகும்போது அது 17 கிராம் வரை கொள்ளும். கையில் இருப்பதோ அதே 2.4 கிராம். அதாவது 14 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்று தனக்குக் குறையும் ஈரத்தை அம்மாவின் மூக்கிலிருந்தும் குழந்தையின் உதட்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஹியூமிடிஃபையர் வாங்கியது வீண் செலவல்ல. வாங்கியபின் செய்ய வேண்டிய வேலையை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உங்களுடையது மின்விசிறியும் திரியும் கொண்ட வகை. உள்ளே இருக்கும் அந்தத் தேன்கூடு போன்ற அட்டையைக் கடைக்காரர் பில்டர் என்கிறார். அந்தப் பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. அது முதன்மையாக எதையும் வடிகட்ட வைத்தது அல்ல. அது ஒரு திரி. சாமி விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல இது தட்டில் உள்ள தண்ணீரை மேலே இழுக்கிறது. விசிறி அதன்மேல் காற்றை ஊதுகிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகி அறைக்குள் போகிறது. அம்மா ஒவ்வொரு மாலையும் விளக்கேற்றுமுன் கருகிய நுனியைத் தட்டித் திரியைத் தூண்டிவிடுவார் அல்லவா? திரி கருகுவது அதன் குற்றமல்ல, எரிந்ததன் அடையாளம். தட்டாமல் விட்டால்தான் விளக்கு மங்கும், புகையும். உங்கள் பெட்டியில் நடந்திருப்பதும் அதுதான்.

இனி அந்தக் கல்லின் கணக்கு. உங்கள் ஸ்காபரோ இருக்கும் ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. ஒரு லீற்றரில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும். ஒரு நாளைக்கு 8 லீற்றர் தண்ணீர் ஆவியானால், அந்த 8 லீற்றரில் இருந்த ஏறக்குறைய 1 கிராம் சுண்ணாம்பு எங்கேயும் போகாது. தண்ணீர் பறந்துவிடும், கல் நின்றுவிடும். 150 நாள் குளிர்காலத்துக்கு 150 கிராம். ஒரு சிறிய அட்டைக்குள் அவ்வளவு கல் ஏறினால் அது எப்படித் தண்ணீர் இழுக்கும்? நிலத்தடி நீரை நம்பியிருக்கும் குவெல்ஃப், கிச்சனர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பல மடங்கு.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் கிணறு வெட்டி வாழ்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் தகடு தகடாகக் கழன்று வரும் அதே பொருள்தான் இது. என் அம்மா கேத்திலுக்குள் பழப்புளியைக் கரைத்து ஊற்றி ஊறவிடுவார். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். இங்கே அந்த வேலையை வெள்ளை வினாகிரி செய்கிறது. ஊற்றியதும் சின்னக் குமிழிகள் எழும்பும். கல் கரைந்து கரியமிலவாயு வெளியேறுகிறது என்பதற்கு அது சாட்சி.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மின் இணைப்பைக் கழற்றுங்கள். தொட்டியிலும் தட்டிலும் உள்ள தண்ணீரை முழுவதும் கொட்டுங்கள். வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து தொட்டிக்குள்ளும் தட்டிலும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பழைய பற்தூரிகையால் மூலை, இடுக்கு, மிதவை இருக்கும் குழி எல்லாம் தேயுங்கள். வழுவழுப்பாக ஒரு படலம் கையில் தட்டுப்படும். கல்லைவிட அதுதான் கெட்டது. கிருமிகள் குடியிருக்கும் வீடு அது. தேய்த்தபின் வினாகிரி மணம் போகும் வரை அலசுங்கள்.

திரியைத் தனியாக எடுத்துக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரின் கீழே மெல்லப் பிடியுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள், அதன் நுரை உள்ளே தங்கிவிடும். துணிபோல முறுக்கிப் பிழியவும் வேண்டாம், அட்டை கிழிந்துவிடும். ஓரங்களில் கல் பிடித்திருந்தால், பெட்டியோடு வந்த கையேடு அனுமதித்தால் மட்டும், வினாகிரித் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசலாம். சில திரிகளுக்குக் கிருமி வளராதபடி பூச்சுப் பூசியிருப்பார்கள். அவற்றை ஊறவைத்தால் அந்தப் பூச்சு போய்விடும். திரும்ப வைக்கும்போது மேல்பக்கத்தைக் கீழாக மாற்றி வையுங்கள். கல் ஒரே பக்கத்தில் ஏறாது.

தொட்டிக்குக் கிருமிநீக்கம் செய்ய விரும்பினால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் போதும். சிலர் பிளீச் பயன்படுத்துவார்கள். அப்படியானால் ஒன்றைக் கவனியுங்கள்: வினாகிரியும் பிளீச்சும் ஒருபோதும் ஒன்றோடொன்று சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. எதைப் பயன்படுத்தினாலும் திரியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, தொட்டியை முழுக்க அலசி முடித்தபின்தான் திரும்பப் பொருத்த வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தொட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டித் துடைத்துப் புதிதாக நிரப்புங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். இது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு. திரியை வாரம் ஒருமுறை அலசித் திருப்புங்கள். ஓரிரண்டு மாதத்தில், அல்லது கல்லாக இறுகினாலும் மணம் போகாவிட்டாலும் உடனே, புதிது மாற்றுங்கள். நீங்கள் படத்தில் காட்டிய திரி முடிந்துவிட்டது. அதைக் கழுவ வேண்டாம், குப்பையில் போடுங்கள். பாசி மணம் ஏறிய திரியைக் கழுவிக் காப்பாற்றுவது சிக்கனமல்ல. அதன் ஊடாக வரும் காற்றைத்தான் குழந்தை இரவு முழுக்கச் சுவாசிக்கிறது.

இனி அந்தக் கிருமிநாசினிக்கு வருகிறேன். தென்கொரியாவில் 1994 முதல், ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினித் திரவங்கள் கடைகளில் விற்கப்பட்டன. கழுவுகிற வேலை குறையும், பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பி, அக்கறையுள்ள பெற்றோர்தான் அவற்றை வாங்கி ஊற்றினார்கள். 2011ஆம் ஆண்டு சியோல் நகர மருத்துவமனை ஒன்றுக்குக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றுச் சில நாளே ஆன தாய்மாரும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு அடுத்தடுத்து வந்தார்கள். ஆராய்ந்தபோது விரல் அந்தத் திரவங்களை நோக்கி நீண்டது. அந்த ஆண்டே அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தோலில் பட்டால் பெரிய கெடுதி செய்யாத பொருள், நுண்துளியாகி நுரையீரலுக்குள் இரவு இரவாகப் போனபோது அதைப் பொசுக்கிவிட்டது. பாதிக்கப்பட்டோராகப் பதிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இறந்தவர்களில் கைக்குழந்தைகள் பலர். அவர்களுக்கு நிவாரணம் வழங்க 2017இல் தனிச் சட்டமே வந்தது.

அங்கே பெரும்பாலும் பயன்பட்டவை மீயொலியால் புகைபோல நீர்த்துளி எழுப்பும் வகை. தொட்டியில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே காற்றில் வீசும் வகை அது. சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலே தளபாடங்கள்மேல் வெள்ளைப் பொடி படிவது அதனால்தான். அந்த வகை வைத்திருப்பவர்கள் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவது நல்லது. உங்கள் திரி வகை சுண்ணாம்பைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும். என்றாலும் கிருமிநாசினி விட்டுப் பார்க்கும் பரிசோதனையை உங்கள் பிள்ளையின் நெஞ்சில் செய்ய வேண்டாம். ஒரு அம்மா கையால் தேய்க்கிற வேலைக்கு ஒரு மூடித் திரவம் ஈடாகாது.

என் வீட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கிய வீட்டில் பேஸ்மன்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு பொருத்திய ஹியூமிடிஃபையர் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் ஒரு நிறுவனத்தார் ஃபர்னஸைப் பார்த்துப் பணம் வாங்கிச் சென்றார்கள். அந்தப் பக்கத்துப் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை; அதற்குள் மாற்ற வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவும் இல்லை. ஐந்தாவது குளிர்காலத்தில் ஃபர்னஸின் அடியில் தண்ணீர் தேங்கியது. மூடியைத் திறந்து இழுத்தபோது கையில் வந்தது முருகைக்கல் போல ஒரு கட்டி. வடிகுழாய் அடைத்து, தண்ணீர் தகரத்தை அரித்து இறங்கியிருந்தது. அந்த ஐந்து குளிர்காலமும் என் மகனின் வறட்டு இருமலுக்கு நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், ஒக்டோபரில் சூடேற்றும் காலம் தொடங்குமுன் ஃபர்னஸை நிறுத்தி, அதற்குப் போகும் சிறிய தண்ணீர்க் குழாயை மூடி, உள்ளே இருக்கும் தகட்டுப் பில்டரைப் புதிதாக மாற்றுங்கள். அதன் மேலே தண்ணீரைப் பரப்பும் தட்டின் துளைகளையும் கீழே உள்ள வடிகுழாயையும் வினாகிரியால் சுத்தம் செய்து, பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுங்கள். குளிர்காலம் முடிந்ததும் தண்ணீரை மறுபடி மூடிவிடுங்கள். வாடகை வீடென்றால் சொந்தக்காரரிடம் உரிமையோடு கேளுங்கள்.

ஈரம் கூடினாலும் கேடுதான். ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். 30க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். கடுங்குளிர் நாளில் 30ஐ ஒட்டியிருந்தாலே போதும். யன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தால் கூடிவிட்டது என்று பொருள்; பெட்டியைக் குறையுங்கள். இல்லாவிட்டால் யன்னல் ஓரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி ஓடும்போது அம்மாவுக்கோ குழந்தைக்கோ இருமல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வந்தால் பெட்டியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். வீட்டில் ஹியூமிடிஃபையர் ஓடுகிறது என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரல் வந்ததும் திரியை எறிந்து, பெட்டியைக் கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் நன்றாக உலரவிட்டு எடுத்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால், அடுத்த குளிர்காலத்தில் நீங்கள் திறப்பது பூஞ்சணப் பெட்டியைத்தான்.

இரண்டு வேலை, சின்னப் பிள்ளை, வயதான அம்மா. இதற்கிடையில் இன்னொரு வேலையா என்று உங்களுக்குச் சலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். தினம் இரண்டு நிமிடம், மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி. அதிலும் பெரும்பகுதி ஊறுகிற நேரம்தான். குழந்தை குடிக்கும் போத்தலை நீங்கள் கழுவாமல் நிரப்ப மாட்டீர்கள். குழந்தை சுவாசிக்கும் காற்றுக்கும் அதே நியாயம்தான். இன்றிரவு பெட்டியில் தண்ணீர் நிரப்புமுன் பழைய தண்ணீரைக் கொட்டுங்கள், தொட்டியைத் துடையுங்கள், புதுத் திரி போடுங்கள். பிறகு நிரப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா