விடுதிகளின் சிக்கனப் போட்டி: கேள்வி – பதில்

கேள்வி: இரு விடுதிகளுக்கிடையே போட்டி வைத்து, மாத மின்கட்டணம் குறைவாக வந்த விடுதியை வென்றதாக அறிவிக்கலாமா? (விடுதிக் காப்பாளர், சேலம்)

பதில்: கூடாது. 400 பேர் தங்கும் பழைய கட்டடத்தையும், 150 பேர் தங்கிக் கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலனும் வைத்திருக்கும் புதிய கட்டடத்தையும் கட்டணச் சீட்டை வைத்து ஒப்பிட்டால், போட்டி தொடங்குமுன்பே முடிவு தெரிந்துவிடும். தோற்கப்போவதை அறிந்த மாணவர்கள் இரண்டாம் நாளே விலகிக்கொள்வார்கள். ஒவ்வொரு விடுதியும் தன் அடிப்படை அளவோடு, அதாவது போட்டிக்கு முந்தைய சில வாரங்களில் அதே கட்டடம் நாளொன்றுக்குச் செலவிட்ட சராசரியோடு, மட்டுமே மோத வேண்டும். எத்தனை சதவீதம் குறைத்தது என்பதே மதிப்பெண். அந்த அளவையும் மார்கழியில் எடுத்து வைத்துக்கொண்டு பங்குனியில் போட்டி நடத்துவோர் உண்டு. மின்விசிறி ஓயாத பருவத்தை ஓய்ந்த பருவத்தோடு ஒப்பிட்டுவிட்டு, மாணவர்களுக்குப் பொறுப்பில்லை என்று அறிக்கை எழுதுவது எவ்வகை நியாயம்? தேர்வு விடுமுறையில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்த வாரத்தைக் காட்டிச் சாதனை என்பதும் அதே இனம்தான்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி 2005ஆம் ஆண்டில் நடத்திய இரண்டு வாரப் போட்டியில், இம்முறையே பின்பற்றப்பட்டு, மின்பயன்பாடு சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. செலவை உடனுக்குடன் திரையில் காட்டிய இரு விடுதிகளில் 55 சதவீதமும், வாரம் ஒருமுறை மட்டும் கணக்குத் தெரிவிக்கப்பட்ட பிற விடுதிகளில் 31 சதவீதமும் குறைந்தன என்பதை, மாதக் கடைசியில் கணக்கு ஒட்டும் காப்பாளர்கள் இருமுறை படிக்க வேண்டும்.

கேள்வி: சுவரொட்டி, உறுதிமொழி ஆகியவற்றோடு போட்டி நடத்தினால் போதாதா?

பதில்: போதாது. துணை மின்மானி, அதாவது ஒரு கட்டடத்தின் செலவை மட்டும் தனியே காட்டும் மானி, இல்லாத இடத்தில் நடப்பது பேச்சுப்போட்டி.

கேள்வி: மாணவியர் வாளி நீரில் குளித்தும் நீர்ச்செலவு குறையவில்லையே, ஏன்? (மாணவர் பேரவைச் செயலர், மதுரை)

பதில்: மாணவியரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மேற்சொன்ன ஓபர்லின் போட்டியிலும் நீர்ச்செலவு 3 சதவீதமே குறைந்தது. பேரவை முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறைகளை. இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் நீர்மானியைக் குறித்துக்கொண்டு, எல்லோரும் உறங்கும் அந்நேரத்திலும் எண் கணிசமாக ஏறியிருந்தால், கசிவு இருப்பதாகக் கொள்ளலாம். ஃபிளஷ் தொட்டியில் சில துளி சொட்டு நீலம் விட்டு, கால்மணி நேரம் எவரும் பயன்படுத்தாதிருக்கும்போதே பீங்கானில் நீலம் இறங்கினால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் வால்வு தேய்ந்திருக்கிறது. மலிவான அந்த வால்வை மாற்றாமல், குளியலுக்கு அரை வாளி என்று விதி போடும் விடுதிகள் ஏராளம்.

கேள்வி: போட்டிக்காகச் சிலர் இரவில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உறங்காமல் தவிக்கிறார்கள். இது தேவையா?

பதில்: தேவையே இல்லை, அவர்கள் நிம்மதியாக உறங்கலாம். 75 வாட் மின்விசிறி 20 மணி நேரம் ஓடினால் ஆவது ஒன்றரை யூனிட். அதே ஒன்றரை யூனிட்டை 1500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பி ஒரே மணி நேரத்தில் விழுங்கிவிடும். கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் அக்கம்பியைப் பற்றி எவரும் கடிதம் எழுதுவதில்லை. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியை நிறுத்துவது மட்டும் கட்டாயம்.

கேள்வி: வென்ற விடுதிக்கு என்ன பரிசு தரலாம்? (முதல்வர் அலுவலகம், திருச்சி)

பதில்: மிச்சமான மின்கட்டணத்தில் ஒரு பங்கை அவ்விடுதியின் மெஸ் கணக்கிலேயே கழித்துவிடுவது சிறந்தது, பொது அறைக்கு ஏசி வாங்கித் தருவதாக இருந்தால், போட்டியையே நடத்தாமல் இருக்கலாம்.