ஐப்பசி ஈரத்தில் தீவன வலை: தூக்காதீர்கள், இழுத்து ஏற்றுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டது. அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கமெல்லாம் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கி வந்தவர்களுக்கு அந்தக் குதிரையோடு இது முதல் மழைக்காலம். நடுவில் தீபாவளி வருகிறது. போனஸ் வாங்கிய கையோடு பனியன் கம்பெனி ஆட்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். லாயத்தில் ஒத்தாசைக்கு இருக்கும் பையனும் அவர்களோடு பஸ் ஏறிவிடுவான். தரை வழுக்கும், தீவனம் ஈரத்தில் கனக்கும், வேலைக்கு நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். இடுப்பு பிடிப்பது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

போன கார்த்திகையில் எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு நாள் உலர்புல்லை ஒரே வலையில் திணித்தேன். தூசி அடங்கட்டும் என்று தண்ணீரில் முக்கி, தலைக்கு மேலிருந்த வளையத்தில் மாட்ட எக்கினேன். வடிந்த தண்ணீர் முழங்கை வழியே சட்டைக்குள் இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் குதிரை ஒரு வாய் புல்லுக்காக வலையைப் பிடித்து இழுத்தது. இடுப்பில் சுருக்கென்றது. மூன்று வாரம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. உங்களுக்கு அது வேண்டாம். மழை வலுக்கும் முன், இந்த வாரமே கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலில் எடை போடுங்கள்

நூல் மூட்டை நிறுக்கும் தொங்கு தராசு நம் ஊரில் எங்கும் கிடைக்கும். காய்ந்த வலையை ஒரு தரம், நனைத்து வடிய விட்ட வலையை ஒரு தரம் மாட்டிப் பாருங்கள். இரண்டாம் எடை ஒன்றரை மடங்கைத் தாண்டும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறையின் பொது வழிகாட்டலில், உடலோடு ஒட்டி இடுப்பு மட்டத்தில் தூக்க ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. அதே கை தோளுக்கு மேல் போனால் 10 கிலோவும் 7 கிலோவும்தான். பகல் முழுக்கத் துணி ரோல் சுமந்துவிட்டு மாலையில் லாயத்துக்கு வருகிறவர் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

350 கிலோ குதிரைக்கு நாளைக்கு வேண்டிய நார்த்தீவனம் உடல் எடையில் இரண்டு சதவீதம், அதாவது சுமார் 7 கிலோ. அதை மூன்று வலையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டேகால் கிலோ சொச்சம்தான். நடையை மிச்சம் பிடிக்க நாம்தான் எல்லாவற்றையும் ஒரே வலையில் அடைத்துக் கனமாக்குகிறோம்.

கப்பி மாட்டுங்கள்

கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எருதுகள் சரிவில் இறங்கி நடக்கும். கயிறு கப்பியில் ஓடித் தண்ணீரை மேலே கொண்டுவரும். எருதின் உடல் எடையே இழுவைக்குத் துணை நிற்கும். லாயத்திலும் அதே வழிதான். மேலே ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. வலையைக் கீழே கட்டி, கயிற்றின் மறுமுனையை உங்கள் உடல் எடையால் கீழ்நோக்கி இழுங்கள். ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைக்காது. தலைக்கு மேல் எக்குவதைத் தவிர்க்கும். பாரமும் குறைய வேண்டுமென்றால் நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; பாதி பலம் போதும், கயிறு இரு மடங்கு இழுக்க வேண்டியிருக்கும்.

• கப்பியை மரச்சட்டத்திலோ இரும்பு ஆங்கிளிலோ போல்ட் போட்டு முடுக்குங்கள். ஹாலோ பிளாக் சுவரில் அடித்த ஆணியை நம்பாதீர்கள்.
• கயிற்றின் பிடிமுனையைக் கதவுக்கு வெளியே, குதிரைக்கு எட்டாத இடத்தில் கட்டுங்கள். உள்ளே போகாமலே ஏற்றலாம், இறக்கலாம்.
• கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை ஒரு வெட்டு வெட்டினால் விரல் போய்விடும்.
• கப்பி போட வசதியில்லையென்றால், காலி வலையை முதலில் மாட்டிவிட்டு, அங்கேயே கை கையாகப் புல்லை நிரப்புங்கள்.

முடிச்சும் உயரமும்

ஷூ லேஸில் ஒரு காது விட்டுக் கட்டுவதுபோல, கயிற்று நுனியை மடித்து நுழைத்துக் கட்டுங்கள். ஆபத்தில் ஒரே இழுப்பில் அவிழும். பருத்திக் கயிறு நனைந்தால் முடிச்சு இறுகிவிடும் என்பதால் மழைக்காலத்தில் இது இன்னும் அவசியம். கூரிய கத்தி ஒன்றை உறையோடு கதவருகே மாட்டி வையுங்கள்.

வலையின் வாய் குதிரையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தூசி கண்ணில் விழும். காலியான வலை தொய்ந்து கீழே இறங்கினால் குளம்பு சிக்கும். அடிக் கண்ணி ஒன்றில் கயிற்றைக் கோத்து மேலே இழுத்துக் கட்டினால் தொய்யாது. குட்டி இருக்கும் லாயத்தில் வலையே வேண்டாம். தாழ்வான காடியில் தீவனம் போடுங்கள். குனிந்து தின்பதே குதிரைக்கு இயல்பு.

தரையும் தீவனமும்

வலை மாட்டும் முன் குதிரையை வேறு பக்கம் கட்டுங்கள். ஈரச் சாணத்தை வழித்து, மணல் தூவுங்கள். ரப்பர் செருப்போடு உள்ளே போகாதீர்கள். பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். தீவனத்தைக் கம்பெனிகளில் கழித்த மரப் பேலட்டுகள் மேல் அடுக்கித் தார்ப்பாயால் மூடினால், அடியில் ஈரம் ஏறாது. எடுக்கக் குனியவும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த புல்லைக் கொட்டிவிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டது உள்ளே போனால் வயிற்றுவலியில் உயிரே போகலாம்.

தீபாவளி வாரம்

உதவியாள் கிளம்பும் முன்பே மூன்று நாளைக்கான தீவனத்தை எடை போட்டுச் சிறு சாக்குகளில் கட்டி லாயத்தருகே வைக்கச் சொல்லுங்கள். பட்டாசு தொடங்கும் முன், வெளிச்சம் இருக்கும்போதே இரவு வலையை ஏற்றிவிடுங்கள். வெடிச் சத்தத்தில் மிரளும் குதிரைக்குப் பக்கத்தில் நின்று கயிறு இழுக்கக் கூடாது.

அசம்பாவிதம் நேர்ந்தால்

குதிரையின் கால் வலையில் சிக்கினால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் பக்கம் நின்று, பேச்சுக் கொடுத்தபடி மேல் கயிற்றை அறுங்கள். காயமென்றால் கால்நடைத் துறையின் 1962 எண்ணை அழையுங்கள். உங்களுக்கு இடுப்பு பிடித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கால் மரத்துப் பலம் குன்றினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு உணர்வற்றுப் போனாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தேவைப்பட்டால் 108.

என் லாயத்தில் இப்போது பெரிய வலை கிடையாது. காலை, மாலை, இரவு என மூன்று சின்ன வலைகள் கப்பியில் ஏறி இறங்குகின்றன. குதிரைக்கு வயிறு சிறியது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளெல்லாம் மேயப் பிறந்த உயிர் அது. என் இடுப்புக்காகப் பிரித்த தீவனம் அதன் வயிற்றுக்கும் ஒத்துப்போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கப்பி வாங்கி மாட்டிவிடுங்கள்.