கரை உடைவது எங்கே? குடலிறக்கமும் பரம்பரையும்

பிசான அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசன ஊர்களில் நெல் மூட்டைகள் லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை சுமப்பவர்களில் சிலருக்குத் தொடையிடுக்கில் ஒரு புடைப்புத் தோன்றும். இருமினால் பெரிதாகும், படுத்தால் மறையும். இதுவே ஹெர்னியா எனப்படும் குடலிறக்கம். "மூட்டை தூக்கியதால் வந்தது" என்பார்கள். ஆனால் அதே மூட்டையைச் சுமக்கும் மற்றவருக்கு வரவில்லையே! பிறந்த குழந்தைக்கும் வருகிறதே! ஏன்?

பாளையங்கால்வாய் நிரப்பும் குளங்களை நினைத்துப் பாருங்கள். நீர் ஏறும்போது கரை எங்கே உடைகிறது? நைந்த இடத்தில்தான். ஆக, உடைப்புக்குக் காரணம் இரண்டு: கரையின் நலிவு, நீரின் அழுத்தம்.

நம் வயிற்றுச் சுவரே அந்தக் கரை. தசைகளும், கொலாஜன் என்னும் புரத நார்களும் சேர்ந்தது அது. ஆண் குழந்தை கருவில் இருக்கையில் விரைகள் வயிற்றிலிருந்து கீழிறங்க ஒரு வழி உண்டு. பின்னர் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குடல் அவ்வழியே இறங்கலாம். ஆண்களிடம் இந்நோய் மிகுந்திருக்க இதுவே முக்கிய காரணம்.

நார்களின் உறுதியில் பரம்பரைக்கும் பங்குண்டு. 70,000 பேருக்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, தொடையிடுக்குக் குடலிறக்கத்தோடு தொடர்புடைய நான்கு மரபணு இடங்களைக் கண்டறிந்தது. தந்தைக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் வந்தே தீருமா? இல்லை. கரையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நீரின் அழுத்தத்தை ஓரளவு குறைக்கலாம்.

மலச்சிக்கலில் முக்கும்போது வயிற்றினுள் அழுத்தம் ஏறுகிறது. கீரை, பழம், போதிய தண்ணீர் இதற்கு உதவும். புகைபிடித்தல் நீங்காத இருமலைத் தருவதோடு நார்களையும் நலிவிக்கிறது. சுமை தூக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, மூச்சை அடக்காமல் எழுங்கள். கனமானால் இருவராகத் தூக்குங்கள். வயது வந்த ஆண் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. உங்கள் ஊர் மூட்டை எத்தனை கிலோ? கேட்டுப் பாருங்கள்.

இப்பழக்கங்கள் நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கலாம். வராது என்ற உறுதியைத் தரா. வந்த புடைப்பை மருந்தோ, இடுப்புப் பட்டையோ குணப்படுத்தாது. அறுவை சிகிச்சையே வழி. இத்தாலிய மருத்துவர் பஸ்ஸினி 1887இல் நம்பகமான தையல் முறையை வெளியிட்டார். இன்று பெரியவர்களுக்கு நலிந்த இடத்தில் பெரும்பாலும் செயற்கை வலையை வைத்து உறுதிப்படுத்துகிறார்கள்.

ஒன்றை மறவாதீர்கள். புடைப்பு உள்ளே போகாமல் கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால், குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து. உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு போன்ற அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெட்கத்தால் இதை மறைப்பவர் பலர். உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் மறைத்து வைத்திருந்தால், இன்றே அவரிடம் பேசுங்கள்.