கார் ஏசியில் அந்த வளைந்த அம்புக்குறி பட்டன் எதற்கு?

கார் டேஷ்போர்டில் ஏசி பட்டனுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டனைப் பார்த்திருப்பீங்க. சின்னதாக ஒரு கார் படம், அதற்குள் வளைந்த அம்புக்குறி. பலரும் வண்டி எடுத்த நாளில் அதை ஒருமுறை அழுத்தியதோடு சரி, அப்புறம் தொடுவதே இல்லை. ஆனா, காருக்குள் நீங்க எந்தக் காற்றைச் சுவாசிக்கிறீங்க என்பதை முடிவு செய்வது அதுதான்.

முதலில் ஏசி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது, அவ்வளவுதான். எஞ்சின் சக்தியில் ஓடும் கம்ப்ரஸர் கேஸை அழுத்தும். சூடான அந்த கேஸ், காரின் முன்பக்கம் இருக்கும் கண்டென்ஸரில் வெப்பத்தை விட்டுத் திரவமாகும். பிறகு குறுகலான ஒரு வால்வைத் தாண்டும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து ஜில்லென்று ஆகிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஓட, அதன் மேல் புளோயர் காற்றை ஊதுகிறது. காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் தண்ணீராகப் படிந்து வண்டிக்கு அடியில் சொட்டும். இது ரிப்பேர் இல்லை, பயப்பட வேண்டாம்.

இந்த கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. பல வருஷத்தில் கொஞ்சம் கசியலாம். ஆனா ஒவ்வொரு கோடைக்கும் "கேஸ் ஏத்தணும் சார்" என்று சொன்னால், எங்கே லீக் என்று முதலில் கேளுங்க.

இப்போது அந்தப் பட்டன். அதை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு, உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பக் குளிரும். வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது கண்ணாடிகளை இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி, வெக்கை போனதும் ஏசியோடு இதையும் போட்டால் சீக்கிரம் குளிரும். லாரிப் புகைக்குப் பின்னால் போகும்போதும் நல்லது. ஆனா நாலைந்து பேர் இருக்கும் காரில் மணிக்கணக்கில் இப்படியே போனால், எல்லோரும் விடும் கரியமில வாயு உள்ளேயே சேரும். கொட்டாவி, தலைபாரம், தூக்கக் கலக்கம். ராத்திரி ஹைவேயில் டிரைவருக்கு இது வரக்கூடாது. அவ்வப்போது சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்க. மழையில் கண்ணாடி மங்கினாலும் இதேதான்: வெளிக்காற்று, கூடவே ஏசி, காற்று முன்கண்ணாடிப் பக்கம்.

இதைவிட ஆபத்தானது, நின்ற காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, மூடிய ஷெட்டில் வண்டி நின்றாலோ அது உள்ளே வந்துவிடும். அம்புக்குறி பட்டன் இதை முழுசாகத் தடுக்காது. கார் அடித்தளத்தின் இடுக்குகள் போதும். ரத்தத்தில் ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு இது. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. விழித்திருக்கும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி வெளியே வாங்க, 108-க்குப் போன் பண்ணுங்க.

"ரெண்டே நிமிஷம்" என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போவதும் வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பெட்ரோல் கார்களின் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவும் பார்க்கப்படுகிறது. உங்க சான்றிதழ் எப்போது முடிகிறது என்பதை எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண் கொடுத்துப் பார்க்கலாம். ஆனா அந்தப் பரிசோதனை குழாயின் கடைசி முனையில்தான் நடக்கும், நடுவில் இருக்கும் ஓட்டையை அது காட்டாது. வண்டிச் சத்தம் திடீரென்று அதிகமானாலோ உள்ளே புகை வாடை வந்தாலோ, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் அடியில் பார்க்கச் சொல்லுங்க.