மலேரியா போய் மாரடைப்பு வந்த கதை

நம் முன்னோர் எதனால் மாண்டனர், நாம் எதனால் மாள்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது அமங்கலப் பேச்சன்று. ஒரு நாடு வளர்ந்த விதத்தை அதன் மரணப் பதிவேடு தெளிவாகக் காட்டும்.

பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1794ல் இங்கேயே மலேரியாவுக்குப் பலியானார். பின்னர் கப்பலில் வந்த நம்மவர் ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமைக் கடந்து, செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் அதன்பின் ரப்பர் தோட்டங்களுக்கும் சென்றனர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலரா, காசநோய் ஆகியவை அவர்களை இளவயதிலேயே கொண்டு போயின. குன்றுகளில் காடு அழிந்ததும் ஓடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த நீரில் மலேரியாக் கொசு பெருகியது. 1901ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்தார். குன்றுப்புறத் தோட்டங்களில் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தும் முறையும் வந்தது. மரணம் குறைந்தது.

நாடு விடுதலை பெற்றபின் 1961ல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டமும், 1967ல் மலேரியா ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. குழாய்நீரும் தடுப்பூசியும் கிராமப்புறக் கிளினிக்குகளும் பரவின. 1957ல் ஆண்களின் சராசரி ஆயுள் 56 வயதைக்கூட எட்டவில்லை. இன்று 70ஐக் கடந்துவிட்டது.

இம்மாற்றத்தை எகிப்தில் பிறந்த பேராசிரியர் அப்தெல் ஓம்ரான் 1971ல் மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலாவது, கொள்ளைநோயும் பஞ்சமும் ஆளும் காலம். இரண்டாவது, அவை பின்வாங்கும் காலம். மூன்றாவது, உடல் தேய்வாலும் மனிதன் தானே தேடிக்கொள்வதாலும் நோய் வரும் காலம். நாம் மூன்றாவதில் இருக்கிறோம். 2022ல் மலேசியாவில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 16.1 விழுக்காடு இதய இரத்தக்குழாய் நோயால் நேர்ந்தவை. எனினும் பழைய பகை முற்றாக அழிந்துவிடவில்லை. 2021ல் கோவிட் முதலிடத்தைப் பிடித்ததை மறக்கலாகாது.

முதுமையில் இதயம் ஓய்வதை வளர்ச்சியின் விளைவென்று ஏற்கலாம். ஐம்பதில் குடும்பத்தலைவர் சாய்வதை எப்படி ஏற்பது? 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியரில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நோயுள்ளோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதை அறியாமலே இருந்தனர்.

பால்மரம் வெட்டிய உடலுக்குப் பானைச் சோறு செரித்தது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் உடலுக்கு அதே சோறும், கெட்டிப்பால் கலந்த தேநீரும் சுமையாகின்றன.

ஆகவே அன்பர்களே, முப்பது வயதைக் கடந்தவர் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். புகைப்பதை விடுங்கள், நாள்தோறும் நடங்கள். அன்னதானத்தில் சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். பிரசாதத்தின் பலன் அளவில் இல்லை. மலேரியாவை ஒழிக்க அரசாங்கம் கால்வாய் வெட்டியது. இந்நோயைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி நம் அடுக்களையில்தான் இருக்கிறது.